வேலியோரக் கீரையும் கோப்பைத் தேநீரும்: கண் நலக் கேள்வி-பதில்

கண்ணுக்கு ஏற்ற உணவு எது என்று கேட்டு மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். வீட்டில் இனிப்புநீர் (நீரிழிவு) நோயாளி இருந்தால் இரண்டாவது பதிலை முதலில் படியுங்கள்.

கேள்வி: எங்களைச் சுற்றிச் செம்பனைதான். பழத்தை நசுக்கினால் கையெல்லாம் செம்மஞ்சள். அந்த நிறத்தில்தான் கண்ணுக்கான சத்து இருக்கிறது என்கிறார்கள். நாங்கள் சமைப்பதும் பாமாயிலில்தானே, பிறகு எதற்குக் காரட் வாங்க வேண்டும்?
— குடும்ப மாது, சுங்கை சிப்புட்

பதில்: பழத்தில் சத்து இருப்பது உண்மை. போத்தலுக்குள் வருவதற்குள் அது போய்விடுகிறது. ஆலையில் பிழிந்த கச்சா எண்ணெயில் கிலோவுக்கு 500 முதல் 700 மில்லிகிராம் வரை கரோட்டின் இருக்கும். நீங்கள் கையில் பார்க்கும் செம்மை அதுதான். சுத்திகரிக்கும்போது முதலில் நிறத்தை உறிஞ்சும் மண்ணைக் கலந்து எண்ணெயை வெளுக்கிறார்கள். பிறகு வாடை போவதற்காக வெற்றிடத்தில் 240 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி நீராவியைச் செலுத்துகிறார்கள். இந்த இரண்டு படிகளில் கரோட்டின் அழிந்துவிடும். கடையில் வாங்கும் பொன்னிறச் சமையல் எண்ணெயில் அது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக ஆலையிலிருந்து கச்சா எண்ணெயைக் கேட்டு வாங்கிச் சமைக்க வேண்டாம். அது சமையலறைக்காகச் சுத்தம் செய்யப்பட்டதல்ல.

குறைந்த சூட்டில் சுத்திகரித்து, கரோட்டினின் பெரும்பகுதியைக் காப்பாற்றிய சிவப்புப் பாமாயிலும் உண்டு. அந்த முறையை உருவாக்கியதே நம் நாட்டுப் பாமாயில் ஆராய்ச்சிக் கழகம்தான். இன்று அது மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஒரு பகுதி. பேரங்காடிகளில் இந்த எண்ணெய் கிடைக்கிறது. ஒரு தேக்கரண்டியில் ஏறக்குறைய 2 மில்லிகிராம் கரோட்டின் கிடைக்கும், அதுவும் எண்ணெயிலேயே கரைந்திருப்பதால் உடல் எளிதாக எடுத்துக்கொள்ளும். இதில் மீன் பொரித்தால் அந்தச் சூட்டில் கரோட்டின் கெட்டுவிடும். கீரையை இறக்கும் நேரத்தில் ஒரு தேக்கரண்டி ஊற்றிக் கிளறுங்கள், அல்லது மிதமான தீயில் தாளியுங்கள். இதுவும் பாமாயில்தான், கொழுப்பில் பாதி நிறைகொழுப்பு. ஆகவே வழக்கமான எண்ணெயில் ஒரு பகுதியைக் குறைத்துவிட்டு இதைச் சேருங்கள். இருப்பதோடு கூட்டாதீர்கள்.

இது வாங்க முடியாவிட்டால் குறையொன்றுமில்லை. கரோட்டினை உடல் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்கிறது. விழித்திரையில் மங்கல் வெளிச்சத்தைப் பிடிக்கும் ரொடாப்சின் என்ற நிறப்பொருள் இந்த வைட்டமினிலிருந்துதான் உருவாகிறது. அது போதாமல் போகும்போது வருவதே மாலைக்கண். நடுத்தரக் காரட் ஒன்று, அதாவது 60 கிராம், சுமார் 500 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ-க்குச் சமம். அமெரிக்க அளவுகோலின்படி பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 700, ஆணுக்கு 900 போதும். தோல் மட்டுமல்லாமல் சதையும் செம்மஞ்சளாக இருக்கும் சர்க்கரைவள்ளியும் பரங்கிக்காயும் இதே வேலையைச் செய்யும்.

பலர் செய்யும் தவறு, வெறும் வயிற்றில் காரட் சாறு குடிப்பது. கரோட்டின் கொழுப்பில்தான் கரையும். அந்த வேளை உணவில் ஒரு தேக்கரண்டி எண்ணெயாவது சேராவிட்டால் பெரும்பகுதி அப்படியே வெளியேறிவிடும். பச்சையாகக் கடிப்பதைவிடத் துருவி, வதக்கி, தேங்காய்ப்பூ போட்ட பொரியல் அதிகம் தரும். தினமும் மூன்று நான்கு டம்ளர் சாறு குடித்து உள்ளங்கை மஞ்சளானவர்கள் காமாலை என்று பயந்து கிளினிக்குக்கு ஓடுகிறார்கள். கரோட்டின் மஞ்சளில் கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும், சாற்றைக் குறைத்தால் சில வாரங்களில் நிறம் திரும்பிவிடும். கண்வெள்ளையும் மஞ்சளானால்தான் காமாலை, அப்போது தாமதிக்கக் கூடாது.

வேறு சிலர் கோழி ஈரல் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். 100 கிராம் ஈரலில் ஒரு பெண்ணின் ஒரு நாள் தேவையைப்போல் நான்கு மடங்குக்கு மேல் வைட்டமின் ஏ இருக்கிறது. வாரம் ஒருமுறை 50 கிராம் தாராளம். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலையும் வைட்டமின் ஏ மாத்திரையையும் தவிர்க்க வேண்டும். ஈரலில் இருப்பது முழுமையாக மாறிய வைட்டமின், அது மிகுந்தால் கருவுக்குக் கேடு. காரட், கீரைக்கு இந்தப் பயம் கிடையாது, ஏனென்றால் உடல் தன் தேவைக்கு ஏற்பத்தான் மாற்றிக்கொள்ளும்.

கேள்வி: வயது 52. லோரி ஓட்டுகிறேன். இனிப்புநீர் 8 வருடமாக இருக்கிறது. போன மாதம் கண்ணாடி மாற்றினேன், இப்போது மறுபடி மங்கல். பார்வை தெளிய என்ன சாப்பிட வேண்டும்? கெட்டிப்பால் ஊற்றி இழுத்த தே தாரேக் மட்டும் என்னால் விட முடியாது, உண்மையைச் சொல்கிறேன்.
— ஓட்டுநர், சுங்கை சிப்புட்

பதில்: உண்மையைச் சொன்னதால் உங்களுக்குத்தான் அதிகம் எழுதுகிறோம்.

முதலில் அந்தக் கண்ணாடி. இரத்தத்தில் சீனி ஏறும்போது கண்ணுக்குள் உள்ள வில்லை நீரை இழுத்து உப்பும், இறங்கும்போது சுருங்கும். ஒவ்வொரு முறையும் கண்ணின் பவர் மாறும். சீனி 14 மில்லிமோலில் இருந்த வாரம் அளந்து செய்த கண்ணாடி, 8-க்கு இறங்கிய வாரம் பொருந்தாது. கடைக்காரர் மேல் குற்றமில்லை, அளந்த நாள்தான் தவறு. சீனி அளவு நான்கு முதல் ஆறு வாரம் ஒரே சீராக இருந்த பிறகு அளந்து கண்ணாடி செய்யுங்கள், செலவு மிச்சம்.

ஆனால் எல்லா மங்கலும் வில்லையால் வருவதல்ல. நீண்ட நாள் ஏறிய சீனி விழித்திரையின் மெல்லிய இரத்தக் குழாய்களை அரிக்கிறது. அவை கசியும், அடைபடும், பிறகு வலுவில்லாத புதிய குழாய்கள் முளைத்து வெடித்து இரத்தம் கசியும். தொடக்கத்தில் வலியும் இல்லை, மங்கலும் இல்லை. பார்வை நன்றாக இருக்கிறது என்பது விழித்திரை நன்றாக இருப்பதற்குச் சான்றாகாது. இனிப்புநீர் கண்டுபிடித்த நாளிலேயே ஒருமுறை, பிறகு குறைந்தது ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். அரசு கிளினிக்கில் மருந்து எடுக்கப் போகும்போதே "கண் படம் எப்போது?" என்று கேளுங்கள். கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கிட்டத்தில் உள்ளவை மங்கி, வெளிச்சம் கூசும். அன்று லோரி எடுக்காதீர்கள், யாரையாவது உடன் அழைத்துச் செல்லுங்கள்.

எட்டு வருடமாக இருந்தும் இதுவரை பார்க்கவில்லை என்றால், உணவில் பெரிய மாற்றம் செய்வதற்கு முன்பே பாருங்கள். ஏற்கெனவே பாதிப்பு முற்றியிருந்து, சீனி மிக வேகமாக இறங்கினால் விழித்திரை சில மாதங்களுக்கு மோசமாகலாம். அதற்காகச் சீனியைக் குறைக்காமல் இருக்க முடியாது. மருத்துவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே குறைப்பார்.

இப்போது கோப்பைக்கு வருவோம். கெட்டிப்பாலில் பாதிக்கு மேல் சீனி. ஒரு மேசைக்கரண்டி 20 கிராம் என்றால் அதில் சீனி 11 கிராம் அளவு. தே தாரேக்கில் இரண்டு கரண்டி விழுந்தால் 22 கிராம், ஐந்து தேக்கரண்டிக்கு மேல். காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று என்றால் 65 கிராமைத் தாண்டும். உலகச் சுகாதார நிறுவனம் நல்ல உடல்நிலை உள்ளவருக்கே ஒரு நாள் முழுவதற்கும் 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் என்கிறது. உங்கள் ஒரு கிளாசிலேயே அந்த 25 கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது. சோறு இன்னும் தட்டுக்கு வரவில்லை.

தேநீரையே விடச் சொல்லவில்லை. கடையில் "தே சி கோசோங்" என்று கேளுங்கள். சீனி சேர்க்காத கெட்டியான பால் ஊற்றுவார்கள், சீனி போடமாட்டார்கள், நுரை வர இழுத்தும் தருவார்கள். ஒரேயடியாக மாற முடியாவிட்டால் முதல் இரண்டு வாரம் "குராங் மானிஸ்" (இனிப்புக் குறைவு), பிறகு கோசோங். நாக்கு மூன்று நான்கு வாரத்தில் பழகிவிடும். "டயட்" என்று சொல்லி மால்ட் பானத்துக்கு மாறாதீர்கள், பொடியிலேயே சீனி இருக்கிறது.

தட்டுக்கு சுகாதார அமைச்சு சொல்லும் "சுக்கு சுக்கு செப்பாரோ" கணக்கு சாலையோரக் கடையிலும் செல்லும்: கால் தட்டு சோறு, கால் தட்டு மீன் அல்லது கோழி அல்லது பருப்பு, அரைத் தட்டு காய்கறி, கீரை. கலவைச்சோற்றுக் கடையில் முதலில் காய்கறியைத் தட்டில் போட்டுவிட்டுச் சோற்றை மூடிய கைப்பிடி அளவு கேளுங்கள். சோற்றை முதலில் குவித்தால் காய்கறிக்கு இடம் இருக்காது. சாப்பிடும்போதும் காய்கறியும் மீனும் முன்னால், சோறு கடைசியில். அதே சோறுதான், ஆனால் சீனி அவ்வளவு உயரத்துக்கு ஏறாது. பசியாற ரொட்டி சானாய் இரண்டு என்பது மைதாவும் கொழுப்பும்தான். இரண்டு தோசை, நிறையச் சாம்பார், ஓர் அவித்த முட்டை மேல்.

பிரிட்டனில் நடந்த யுகேபிடிஎஸ் என்ற நீண்ட ஆய்வில், இரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 1 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தபோது கண், சிறுநீரகம் போன்ற சிறு குழாய்ச் சேதங்கள் 37 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டன. எந்தக் கீரையும் எந்தச் சத்து மாத்திரையும் இனிப்புநீர்க் கண்ணுக்கு இந்த அளவு பலன் தந்ததில்லை. நம் நாட்டில் 2019 தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருந்தது. இந்தியர்களிடையே அது மற்ற இனத்தவரைவிட அதிகம். அதனால்தான் காரட்டைப் பற்றிக் கேட்பவர்களிடமும் தே தாரேக்கைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசுகிறோம்.

திடீரென்று கண்முன் கருஞ்சிலந்தி ஓடுவதுபோல், புகை படிவதுபோல், திரை விழுவதுபோல் தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அடுத்த நடை முடியட்டும் என்று தள்ளாதீர்கள்.

கேள்வி: பொன்னாங்கண்ணி சாப்பிட்டால் பகலில் நட்சத்திரம் தெரியும் என்று பாட்டி சொல்வார். இங்கே வேலியோரம் சாயூர் மானிஸ், முருங்கை, மரவள்ளி எல்லாம் இருக்கின்றன. கண்ணுக்கு எது முதல்? பச்சையாக அரைத்துக் குடிக்கலாமா?
— ஆசிரியை, தோட்டத் தமிழ்ப்பள்ளி

பதில்: பகலில் நட்சத்திரம் தெரியாது, கண்ணாடியும் கழன்றுவிடாது. ஆனால் பாட்டி கைகாட்டிய திசை சரியானது. கரும்பச்சைக் கீரைகளில் லூட்டின், சியாசாந்தின் என்ற இரண்டு மஞ்சள் நிறமிகள் இருக்கின்றன. விழித்திரையின் நடுப்புள்ளியில், எழுத்துக்களையும் முகங்களையும் காணும் இடத்தில், உடல் இவற்றைச் சேர்த்து வைத்து நீல ஒளியை வடிகட்டுகிறது. இவை உணவிலிருந்துதான் வர வேண்டும். ஸ்பினாச் என்ற கீரை 100 கிராமில் சுமார் 12 மில்லிகிராம் லூட்டின் இருக்க, காரட்டில் கால் மில்லிகிராம்தான். கண்ணுக்குக் காரட் என்று மனப்பாடமாகச் சொல்கிறோமே, நடுப்புள்ளியைப் பொறுத்தவரை கீரைதான் முந்துகிறது.

பொன்னாங்கண்ணி, முருங்கை, பாயாம், சாவி, கங்குங் எதுவானாலும் சரி. இலை எவ்வளவு கரும்பச்சையோ அவ்வளவு நல்லது. ஒரே கீரையைத் தினமும் தின்பதைவிட மாற்றி மாற்றிச் சமையுங்கள். வெந்தபின் ஒரு கிண்ணம், வாரத்தில் நான்கைந்து நாள். கழுவி, நறுக்கி, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் பூண்டு தட்டிப்போட்டு மூன்று நான்கு நிமிடம் வதக்கினால் போதும். முருங்கையைப் பருப்போடு, தேங்காய்ப்பால் சேர்த்துச் செய்யலாம். கூடவே ஒரு முட்டை வையுங்கள். மஞ்சள் கருவில் லூட்டின் அளவு குறைவுதான், ஆனால் கொழுப்போடு சேர்ந்தே இருப்பதால் உடல் நன்றாக ஏற்கும். மஞ்சள் சோளத்தில் சியாசாந்தின் உண்டு.

பச்சையாக அரைத்துக் குடிப்பது பற்றி அழுத்தமாகச் சொல்கிறோம். சாயூர் மானிசைப் பச்சைச் சாறாக ஒருபோதும் குடிக்காதீர்கள். 1990-களின் நடுவில் தைவானில் உடல் மெலிய இதே இலையைப் பச்சையாக அரைத்து வாரக்கணக்கில் குடித்த பலருக்கு நுரையீரலின் நுண் மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக அடைபட்டன. சிலருக்கு நுரையீரல் மாற்றவே வேண்டியதாயிற்று. வதக்கி, முட்டை சேர்த்து, மற்றக் கீரைகளோடு ஒன்றாகச் சாப்பிடுவது நம் நாட்டில் காலங்காலமான பழக்கம், அந்த அளவோடு நிறுத்துங்கள்.

மரவள்ளிக் கொழுந்தில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. இடித்து அல்லது பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில், மூடாமல் 15 நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிறகு சமையுங்கள். நைஜீரியாவில் மற்ற உணவின்றி மரவள்ளியையே நம்பியிருந்த மக்களிடையே கால் நரம்போடு கண் நரம்பும் பட்டுப்போன நோய் பதிவாகியிருக்கிறது. மீனோ பருப்போ கூட இருக்கும் வீட்டுக்கு அந்த அச்சம் இல்லை, ஆனால் தண்ணீரைக் கொட்டும் படியை மட்டும் விடாதீர்கள்.

வார்ஃபரின் என்ற இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து சாப்பிடுவோர் கீரையை நிறுத்த வேண்டாம், கூட்டிக் குறைக்கவும் வேண்டாம். வாரந்தோறும் ஒரே அளவு. சீன மருந்துக்கடையில் விற்கும் சிவப்புக் கோஜிப் பழம் சியாசாந்தின் நிறைந்தது, ஆனால் வார்ஃபரினோடு ஆகாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கீரையின் பொட்டாசியம் கேடு செய்யலாம். அவர்கள் உணவியலாளரைக் கேட்டு, கொதிக்கவைத்து வடித்த பிறகே அளவோடு சாப்பிட வேண்டும்.

கேள்வி: பக்கத்து வீட்டு அக்கா கண் மாத்திரை விற்கிறார். கண்புரை கரையும், கண்ணாடி தேவைப்படாது என்கிறார். அப்பாவுக்கு வயது 70, வாங்கலாமா?
— மகள், தாமான் வாசகி

பதில்: புரையைக் கரைக்கும் மாத்திரை உலகில் இல்லை. கண்புரை என்பது வில்லையின் புரதம் கலங்கிப்போவது, முட்டையின் வெள்ளை வெந்ததுபோல. அதை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைப்பதுதான் தீர்வு. அரசு மருத்துவமனைகளின் கண் பிரிவில் அது அன்றாடம் செய்யும் அறுவை. மாத்திரைக்குச் செலவிடும் மாதங்களில் அப்பா படியில் தடுக்கி விழாமலிருந்தால் பாக்கியம்.

கண் மாத்திரை எதற்குமே உதவாதா என்றால், ஒரேயொரு நிலையில் உதவும். வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்புள்ளி தேயும் நோய் இடைநிலைக்கு வந்துவிட்டால், குறிப்பிட்ட ஒரு கலவை அது முற்றுவதைச் சுமார் கால் பங்கு குறைக்கிறது என்று அமெரிக்க தேசியக் கண் கழகத்தின் ஏரெட்ஸ் ஆய்வு 2001-ல் காட்டியது. 2013-ல் முடிந்த இரண்டாம் ஆய்வுக்குப் பின் அந்தக் கலவை இது: வைட்டமின் சி 500 மில்லிகிராம், வைட்டமின் இ 400 அலகு, துத்தநாகம் 80 மில்லிகிராம், செம்பு 2 மில்லிகிராம், லூட்டின் 10, சியாசாந்தின் 2 மில்லிகிராம். முதல் கலவையில் லூட்டினுக்குப் பதில் பீட்டா கரோட்டின் இருந்தது. புகைப்பவர்களுக்கு அதை மாத்திரையாகக் கொடுத்தால் நுரையீரல் புற்று கூடுகிறது என்று பின்லாந்தில் 1994-ல் தெரியவந்ததால் மாற்றினார்கள். அப்பா புகைப்பவராக இருந்தால், அல்லது முன்பு புகைத்தவராக இருந்தால், பெட்டியில் பீட்டா கரோட்டின் என்று இருப்பதை வாங்கவே கூடாது. உணவிலுள்ள காரட்டால் இந்தக் கேடு வராது. மீன் எண்ணெய் சேர்த்துப் பார்த்ததில் கூடுதல் பலன் இல்லை. நோயே இல்லாதவர் முன்கூட்டிச் சாப்பிட்டு நோயைத் தடுக்க முடியும் என்றும் அந்த ஆய்வுகள் காட்டவில்லை. எனவே கண் மருத்துவர் விழித்திரையைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் இந்தப் பேச்சு.

எதை வாங்கினாலும் பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கி எட்டு இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும் உள்ள பதிவு எண், பளபளக்கும் ஹோலோகிராம் ஒட்டி இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பதிவு இருந்தாலும் அது புரையைக் கரைக்கும் என்பதற்கு அத்தாட்சி அல்ல.

கேள்வி: வீட்டுக்காரர் வேலை முடிந்ததும் மலிவான சம்சு குடிப்பார், சாப்பாடு பெயருக்குத்தான். சில மாதங்களாக இரண்டு கண்ணும் மங்கல், சிவப்பு நிறம் வெளிறித் தெரிகிறது என்கிறார். கண்ணாடிக்கடையில் பவர் சரியாக இருக்கிறதாம். நல்ல சாப்பாடு கொடுத்தால் சரியாகுமா?
— பெயர் வேண்டாம்

பதில்: அம்மா, இதைக் கண்ணாடிக்கடையோடு விடாதீர்கள். இரண்டு கண்ணும் வலியின்றி மெல்ல மங்குவது, நிறம் வெளிறுவது, கண்ணாடி போட்டும் தெளியாதது, இந்த மூன்றும் சேர்ந்தால் கண் நரம்புக்குச் சத்து போதவில்லை என்ற ஐயம் முதலில் வர வேண்டும். குடிப்பவருக்கு வைட்டமின் பி1, பி12, ஃபோலேட் மூன்றும் குறையும். சாப்பிடுவது குறைவு, சாப்பிட்டதையும் குடல் சரியாக உறிஞ்சாது. புகையும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

சத்தின்மையால் கண் போவதை இந்த வட்டாரம் முன்பே கண்டிருக்கிறது. 1942 முதல் 1945 வரை சாங்கி முகாமிலும் சயாம் ரயில்பாதையிலும் தீட்டிய அரிசியை மட்டும் தின்று கிடந்த போர்க்கைதிகள் பலருக்கு நடுப்பார்வை போயிற்று. சீக்கிரம் சத்துணவு கிடைத்தவர்கள் பார்வையை மீட்டார்கள். மாதக்கணக்கில் தாமதமானவர்களில் பலருக்கு அது திரும்பவே இல்லை. பி1-க்கும் அரிசிக்கும் உள்ள தொடர்பைக் காட்டியதில் கோலாலம்பூருக்கும் பங்குண்டு. 1905-ல் அங்கிருந்த மனநோய் விடுதியில் டாக்டர் வில்லியம் பிளெட்சர் பாதிப்பேருக்குத் தீட்டிய சயாம் அரிசியும் பாதிப்பேருக்கு இந்தியப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் வந்தது தீட்டிய அரிசி தின்றவர்களுக்கு. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுவதே காரணம்.

எனவே இந்த வாரமே மருத்துவமனையில் பி12, ஃபோலேட் இரத்தப் பரிசோதனையும் கண் நரம்புப் பரிசோதனையும் கேளுங்கள். கடையில் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் வாங்கிக் கொடுக்காதீர்கள். பி12 குறைவாக இருக்கும்போது அது இரத்தசோகையை மறைத்துவிட்டு நரம்புச் சேதத்தை வளரவிடும். மருத்துவர் பி12 ஊசியும் பி1-ம் தொடங்குவார். வீட்டில் புழுங்கலரிசி, பச்சைப் பயறு, நாளுக்கு ஒரு முட்டை, கெம்போங் மீன் குழம்பு, கீரை. பி12-க்கு மீன் மிகச் சிறந்தது. ஒரு துண்டு கெம்போங் ஒரு நாள் தேவையான 2.4 மைக்ரோகிராமைத் தாண்டித் தரும். ஒரு டம்ளர் பாலில் அதில் பாதிதான். அதனால்தான் ஆண்டு முழுக்கச் சைவம் சாப்பிடுபவர்களும், இனிப்புநீருக்கான மெட்ஃபோர்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாக எடுப்பவர்களும் பி12 பரிசோதனை செய்ய வேண்டும் என்கிறோம். புரட்டாசி ஒரு மாத விரதத்தால் குறைந்துவிடாது, ஈரலில் இருப்பு உண்டு. குடி நிற்காமல் இதில் எதுவும் நிலைக்காது. திடீரென்று தானாக நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்பதால் மருத்துவர் துணையோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இது நாள் கணக்கல்ல, மணிக்கணக்கு. கள்ளச் சம்சுவில் மெத்தனால் கலந்திருந்தால் 12 முதல் 24 மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. ஈரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றிய பிறகுதான் வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு, கண்முன் பனி மூடியதுபோல் வெண்மை. 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பலர் இப்படி இறந்தார்கள். குடித்த மறுநாள் பார்வை மங்கினால் போதை தெளியவில்லை என்று படுக்கவிடாதீர்கள். 999-ஐ அழையுங்கள், என்ன குடித்தார் என்று மறைக்காமல் சொல்லுங்கள், போத்தலை எடுத்துச் செல்லுங்கள். மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் மருத்துவமனையில் உண்டு.

கேள்வி: மகனுக்கு 9 வயது, 200 பவர் கண்ணாடி. காரட் சாப்பிட்டால் குறையுமா? எனக்கும் கண்ணில் சதை வளர்கிறது, அதற்கு ஏதும் உணவு உண்டா?
— தந்தை, ரப்பர்த் தோட்டம்

பதில்: குறையாது. கிட்டப்பார்வையில் கண்விழி நீண்டுவிடுகிறது, உணவு அதைச் சுருக்காது. பகல் வெளிச்சத்தில் நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியே விளையாடுவது கிட்டப்பார்வை வராமல் தள்ளிப்போட உதவுகிறது. தோட்டத்தில் திடல் இருக்கிறது, கைத்தொலைபேசியை வாங்கி வைத்துவிட்டு அனுப்புங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பவரைப் பாருங்கள்.

உங்கள் சதை வளர்ச்சி வெயிலிலும் தூசியிலும் பல்லாண்டு நின்றதால் வந்தது. அதற்கும் உணவு கிடையாது. அகன்ற விளிம்புத் தொப்பியும், பக்கம் மூடிய, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். அது கருவிழி மேல் ஏறத் தொடங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள். சிவந்தால் போடும் கடைச் சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விடாதீர்கள்.

கேள்வி: குலை வெட்டும்போது கண்ணில் தூசி, முள் விழுகிறது. மருந்தடிப்பவர்களுக்கு மருந்து தெறிக்கிறது. தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடலாம் என்கிறார்கள். கண் சீக்கிரம் ஆற என்ன சாப்பாடு?
— செம்பனைத் தோட்டத் தொழிலாளர்கள் மூவர்

பதில்: சாப்பாட்டுக்கு முன்னால் தண்ணீர். களைக்கொல்லி, ரப்பர்ப் பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலம், அந்தப் பால் கெடாமலிருக்கச் சேர்க்கும் அம்மோனியா, எது தெறித்தாலும் அங்கேயே, அந்த நொடியே, கண்ணிமையை விரலால் விரித்துப் பிடித்துச் சுத்தமான தண்ணீரை 20 முதல் 30 நிமிடம் ஓடவிடுங்கள். அம்மோனியா மிகக் கொடியது, அமிலத்தைவிட ஆழமாக ஊடுருவும். குடிதண்ணீர்ப் போத்தல் இருந்தால் அதையே ஊற்றுங்கள், வண்டி வரும்வரை நிறுத்தாதீர்கள். பிறகு மருந்தின் டப்பாவோடு மருத்துவமனைக்கு.

தாய்ப்பால், எண்ணெய், தேன், எலுமிச்சை எதுவும் கண்ணில் விடக்கூடாது. மட்டையின் தூசியும் முள்ளும் கருவிழியைக் கீறினால் அந்தக் கீறலில் பூஞ்சை குடியேறும். அது மெல்ல வளர்வதால் இரண்டு மூன்று நாள் லேசான உறுத்தலாகத் தோன்றி, பிறகு கருவிழியில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் பூஞ்சைக்கு உரம் போட்டதுபோல் ஆகும். ஒரு நாளில் உறுத்தல் போகாவிட்டாலோ, வெளிச்சம் கூசினாலோ, வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ அன்றே போங்கள். சுங்கை சிப்புட் மருத்துவமனையில் காட்டினால் தேவைப்பட்டால் ஈப்போ பெரிய மருத்துவமனையின் கண் பிரிவுக்கு அனுப்புவார்கள். செடி, மட்டை பட்டது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள், மருந்தைத் தேர்ந்தெடுப்பதே அதை வைத்துத்தான்.

ஆறும் நாட்களில் தனிப் பத்தியம் வேண்டாம். மீனும் முட்டையும் கண்ணுக்கு ஆகாது என்று நிறுத்துகிறார்கள், அது தவறு. புண் ஆறப் புரதமும் வைட்டமின் சி-யும் வேண்டும். மீன், முட்டை, ஒரு கொய்யா, இருந்தால் ஒரு கிண்ணம் கீரை. பாதுகாப்புக் கண்ணாடி வியர்வையில் மங்குகிறது என்று கழற்றிவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். கம்பிவலைக் கண்ணாடி மங்காது, குலை வெட்ட அதைப் போடலாம். மருந்தடிக்க மட்டும் அது உதவாது, துளை வழியே துளி புகுந்துவிடும். மருந்தடிப்பவர் காற்றுத் துவாரம் மறைந்த, முகத்தோடு ஒட்டும் கண்ணாடியைக் கேட்டு வாங்க வேண்டும்.